எண்ணெய்த் தலையோடு வந்தவள்

காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரே எதிரி தேங்காய் எண்ணெய்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் இ.இ.ஜி. எடுப்பவள் நான். பெயர் சுகாசினி. தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடுகளாகப் பிடித்து டாக்டர்களுக்குக் கொடுப்பது என் வேலை. எண்ணெய்த் தலையில் ஒயர் நிற்காது. ஒட்டி முடித்துத் திரும்புவதற்குள் வழுக்கிக்கொண்டு காதோரம் வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களோ, டாக்டரைப் பார்க்கப் போகிறோம், கொஞ்சம் லட்சணமாகப் போவோம் என்று உச்சி நனைய எண்ணெய் வைத்து, படிய வாரி, மேலே ஒரு முழம் பூவும் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் டெஸ்டுக்கு நாள் குறிக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். "சுடுதண்ணி வச்சு, ரெண்டு வாட்டி ஷாம்பு போட்டு நல்லா அலசிட்டு வரணும். பிசுக்கு இருந்துச்சுன்னா திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்." எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிய தலையிலேயே எண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள்.

சொன்னதைச் சொன்னபடி செய்தவள் ஜோதிகாதான். அவள் தலையில் விரல் வைத்தால் கிறீச்சென்று சத்தம் வரும், அவ்வளவு சுத்தம். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இருபத்து மூன்று வயதுப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன் சின்ன காஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். அம்மா கங்கையம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அப்பா இல்லை. ஜோதிகாவுக்குத் திடீரென்று நினைவு தப்பிவிடும். ஏதேதோ முணுமுணுப்பாள், விழுவாள், பிறகு அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். எழுந்த பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது. முதலில் தீபாவளி அன்று காலையில் வந்தது. அடுத்தது மாமன் மகள் கல்யாணத்தன்று. அதற்கப்புறம் எங்களிடம் டெஸ்டுக்கு வந்த நாட்களில் எல்லாம், சொல்லி வைத்ததுபோல், வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் அம்மா தோளில் சாய்ந்தபடிதான் வந்து சேருவாள், வலிப்பு நிற்க அம்மா கையில் திணித்த இரும்புச் சாவிக்கொத்தோடு.

நான் எடுத்த படங்களில் ஒன்றும் தெரியவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. வலிப்பு அடங்கிய பிறகு எடுத்தால் படம் சுத்தமாக இருக்கலாம். திருடன் போன பிறகு கேமரா மாட்டினால் அதில் என்ன விழும்?

"நல்ல நாளா பாத்துதாம்மா வருது. கண்ணுதான் பட்டுருக்குது" என்றார் கங்கையம்மாள்.

"ஆஸ்பத்திரிக்கு வர்ற நாள் எந்த ஊர்ல நல்ல நாள்?" என்று நான் கேட்டேன்.

அதற்கு டாக்டர் சந்தோஷ்குமாரிடம் ஒரு பதில் இருந்தது. நரம்பியல் மேற்படிப்புக்காக எங்கள் பிரிவில் சேர்ந்திருக்கும் சேலத்துப் பையன். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பான். ஒயர் ஒட்டும் பேஸ்ட் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதிலிருந்து நோயாளியின் செருப்பு ஏன் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது வரைக்கும் கேட்பான். வேலை நேரத்தில் அவனை அறைக்குள் விட்டால் எனக்குக் கை ஓடாது. அவன் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கூட்டம் கூடும் நாள், டெஸ்ட் எடுக்கும் நாள் என்றால் அவள் மனசு பதறுகிறது, அந்தப் பதற்றம்தான் வலிப்பு வேஷம் கட்டுகிறது, மூளையில் கோளாறு இல்லை. எங்கள் துறைத் தலைவர் நீலாம்பாள் மேடமும் அரை மனதாக ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு இ.இ.ஜி., அதுவும் சுத்தமாக இருந்தால் அப்படியே எழுதிவிடலாம் என்றார்.

மனசு சம்பந்தப்பட்டது என்றால் அதுவும் வியாதிதான் என்று டாக்டர்களுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியுமா? லீவு போடத்தான் இந்த நாடகம் என்று அங்கே சூப்பர்வைசர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன எழுதித் தருகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

"மாத்திரை எவ்ளோ வேணா குடுங்கக்கா, ஊசி போடுங்க. நடிக்கிறேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள் ஜோதிகா என்னிடம்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அவள் அம்மா சொன்னார்: "எனக்கே ஒண்ணும் புரியலம்மா. ராத்திரி இவளாண்ட கேட்டேன். உண்மையச் சொல்லுடி, வேலைக்குப் போவப் புடிக்கலியான்னு."

ஜோதிகா அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊர் நம்பாவிட்டால் போகிறது என்று விடலாம். பெற்றவளே நம்பவில்லை என்றால் ஒரு பெண் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

அந்தக் கடைசி டெஸ்ட் நாளும் வந்தது. அன்று ஜோதிகா அம்மா தோளில் சாயாமல், தன் காலில் நடந்து வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்துத் தலையைத் தொட்டேன். விரல் வழுக்கியது. ஒழுக ஒழுக எண்ணெய்.

"நீயுமா?" என்று கத்திவிட்டேன். "உன்னைத்தானே எல்லார்கிட்டயும் உதாரணம் காட்டிக்கினு இருந்தேன்! ஒயரை எங்க ஒட்டுறது, உங்கம்மா தலையிலயா?"

"சாரிக்கா. நேத்து வேலைக்குப் போறப்ப வச்ச எண்ணெ. காலைல தண்ணி காய வைக்கலாம்னு பாத்தா கேஸ் தீந்துடுச்சி. சரின்னு மேலுக்கு மட்டும் பச்சத் தண்ணில குளிச்சிட்டு வந்துட்டேன்."

மூலையில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்த சந்தோஷ்குமார் நிமிர்ந்தான். "இன்னிக்கு ஃபிட்ஸ் வரலையா?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார் கங்கையம்மாள். "நல்லாதான் பேசிக்கினு வந்தா."

அவன் ஜோதிகாவின் பிசுபிசுத்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பிரிவில் யாரும் எண்ணெய்த் தலையை அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை.

"அம்மா, தீபாவளி அன்னிக்கு இவங்க எண்ணெ தேச்சுக் குளிச்சாங்களா?"

"இன்னா கேள்விப்பா இது? தீபாவளிக்குக் குளிக்காம இருப்பாங்களா?"

"கல்யாணத்துக்கு?"

"தலைக்குக் குளிக்காம எவ கல்யாணத்துக்குப் போவா?"

"சுடுதண்ணியிலயா?"

"கொதிக்கக் கொதிக்க ஊத்திக்குவா. மத்த நாள்ல விடிகாலைல பஸ்ஸப் புடிக்க ஓடுறவளுக்குத் தலைக்கு ஏது நேரம்? கொழாத் தண்ணில மேலுக்கு ரெண்டு சொம்புதான்."

"ஃபிட்ஸ் வர்றப்ப இவங்க எங்க இருந்தாங்க? கூடத்துல, புறப்படறப்பன்னு சொன்னீங்க. கூடத்துலதானா?"

கங்கையம்மாள் சுவரைப் பார்த்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். சந்தோஷ்குமார் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பையனை அன்றுதான் எனக்கு முழுசாகப் பிடித்தது. "அக்கா, நான் கொஞ்சம் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனான்.

கதவு மூடியதும் கங்கையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிக்கிற எடத்துலதாம்மா விழுந்து கெடப்பா. மேல ஒரு துணி இருக்காது. உள்ள முணுமுணுன்னு சத்தம் கேக்கும், தாப்பாளத் தள்ளிக்கினு போய்ப் பாத்தா அந்தக் கோலத்துல கெடப்பா. வயசுப் பொண்ணு. அந்தத் தம்பிகிட்ட எப்பிடிம்மா வாயத் தொறந்து சொல்றது? பொடவையச் சுத்தி இஸ்துக்கினு வந்து கூடத்துல போட்டுருவேன். அங்கதான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"நான் பாத்ரூம்லயா இருந்தேன்?" என்றாள் ஜோதிகா. குளிக்கப் போனதே அவளுக்கு ஞாபகம் இல்லை. அம்மா அதை அவளிடமும் சொன்னதில்லை.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்தம்மாவைத் திட்ட முடியுமா? எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். நான் சொன்னதிலும் தப்பில்லை, எண்ணெயில் ஒயர் ஒட்டாதுதான். ஆனால் நடந்தது என்ன? டெஸ்ட் நாளில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வா என்று நாங்களே அனுப்பினோம். அவள் ஊற்றிக்கொண்டு விழுந்தாள். ஏன் டெஸ்ட் நாளில் மட்டும் விழுகிறாய் என்று நாங்களே அவளைக் குடைந்தோம். இப்படி ஒரு கூத்து நரம்பியல் பிரிவில்தான் நடக்க முடியும். கண் டாக்டரிடம் போயிருந்தால் யாரும் அவளைத் தலைக்குக் குளிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீலாம்பாள் மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சூடான தண்ணீர் தலையில் விழுந்தால் சிலருக்கு வலிப்பு வரும், நம் தென்னாட்டுப் பக்கம் அது கொஞ்சம் கூடுதல், எங்களுக்கெல்லாம் அது பாடத்திலேயே உண்டு என்றார்.

"நான் பரீட்சையில ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன் மேடம்" என்றான் சந்தோஷ்குமார், செத்துப்போன குரலில்.

"பக்கம் பக்கமா எழுதி என்னப்பா, ஆளே எதிர்ல வந்து நின்னப்ப தெரியலையே?" என்றார் மேடம். பிறகு ஜோதிகாவிடம் திரும்பினார். "ஆனா இது ஊகம்தான்மா. ஊகத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒயரை ஒட்டி, எங்க கண்ணு முன்னால தண்ணி ஊத்திப் பாக்கணும். வந்தா உடனே நிறுத்த மருந்து கையில வச்சிருப்போம்."

"வரலைன்னா மேடம்?" என்று கேட்டாள் ஜோதிகா.

"வரலைன்னா பழைய முடிவுதான்."

"வேணாம் டாக்டரம்மா" என்றார் கங்கையம்மாள். "புள்ளய நாமளே விழ வைக்கிறதா?"

"ஊத்துங்க மேடம்" என்றாள் ஜோதிகா.

தண்ணீரும் மின்சார ஒயரும் ஒரே தலையில். என் மெஷினுக்கு அது சாமி குற்றம் மாதிரி. சும்மா ஒட்டும் பேஸ்ட் நனைந்தால் கரைந்துவிடும் என்று, சென்னையிலிருந்து வரவழைத்து நான் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கும் நெடி பிடித்த பசையை எடுத்தேன். ஜோதிகா தலையை நானே பச்சைத் தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசினேன். ஒன்றும் வரவில்லை, சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். காயவைத்து, ஒவ்வொரு ஒயராக ஒட்டி, அத்தனையையும் தறியில் பாவு நூல்போலச் சிக்கில்லாமல் பின்பக்கம் இழுத்துக் கட்டினேன். பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றினேன். வார்டுக் குளியலறையில் ஒரு ஸ்டூல். உள்ளே மேடம், நான், அவள் அம்மா. திரை மட்டும் கதவுக்கு வெளியே, சந்தோஷ்குமார் முன்னால்.

வழக்கமாக ஊற்றும் சூடு எவ்வளவு என்று அம்மாவுக்குத்தான் தெரியும், அதனால் அவரே விளாவட்டும் என்றார் மேடம். கங்கையம்மாள் விளாவினார். சொம்பை எடுத்தவர் ஊற்றாமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊத்தும்மா" என்றாள் ஜோதிகா, நைட்டியை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு.

ஊற்றினார். மறுபடி ஊற்றினார். ஆவி கிளம்பி என் கண்ணாடியை மூடியது. ஜோதிகா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை. "என்ன தெரியுது சந்தோஷ்?" என்று மேடம் கேட்டார். "ஒண்ணும் மாறல மேடம்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. வாளி பாதிக்குக் கீழே போய்விட்டது. ஒரு மனுஷிக்கு வலிப்பு வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் சர்வீஸிலேயே அன்றுதான். கங்கையம்மாளைப் பார்த்தேன். அவர் உதடும் ஓடிக்கொண்டிருந்தது. "படவேட்டம்மா, எம் பொண்ணு பொய் சொல்லலன்னு காட்டிக் குடு தாயே" என்று சொல்லிச் சொல்லி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம்!" சந்தோஷ்குமாரின் குரல் உடைந்து வந்தது. "இடது பக்கம் ஆரம்பிக்குது மேடம், வந்துருச்சு!"

அந்த நேரம் ஜோதிகா இன்னும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். திரைக்கு முதலில் தெரிந்தது, எங்கள் கண்ணுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவள் பார்வை எங்கேயோ நிலைகுத்தியது. வலது கை நைட்டியைப் பிய்க்கத் தொடங்கியது. வாய் எதையோ முணுமுணுத்தது. சொம்பு தரையில் உருண்டது. கங்கையம்மாள் மகளை அப்படியே மார்போடு சேர்த்துத் தாங்கினார். ஒயர்களை நான் பிடித்துக்கொண்டேன். மேடம் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி தேவைப்படவில்லை, தானே அடங்கியது.

மாத்திரைக்கும் கம்பெனிக்கும் எழுத வேண்டியதை அங்கேயே மேடம் சொல்ல, வெளியே சந்தோஷ்குமார் எழுதிக்கொண்டிருந்தான். தலைக்கு வெந்நீர் ஊற்றாமல் இருந்தால் இவளுக்கு எந்த வேலைக்கும் தடையில்லை என்று மேடம் இரண்டு தரம் சொன்னார்.

ஜோதிகா வார்டுக் கட்டிலில் கண் விழிக்க வெகுநேரம் ஆயிற்று. முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு" என்றேன். "படத்துல அப்படியே விழுந்துருக்குது. பெரிய டாக்டரே பாத்தாங்க."

படமும் பெரிய டாக்டரும் போதாது என்பதுபோல் அவள் தலையைத் திருப்பி, கால்மாட்டில் ஈரப் புடவையோடு நின்றிருந்தவரைப் பார்த்தாள்.

"நீ பாத்தியாம்மா?"

கங்கையம்மாள் கட்டிலைச் சுற்றி வந்து, மகளின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "பாத்தேன்டி" என்றார். "பாத்தேன் கண்ணு."

"ஐயய்ய, கால விடும்மா" என்றாள் ஜோதிகா. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.