சிவப்புப் பொட்டு வைத்த ரிசீவர்

லாரிக்காரர் தன் ஆயுசில் யாரையும் நம்பியதில்லை. டீசல் போட்டால் பங்க் மீட்டரை நம்பாமல், டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பார். டாக்டர் எழுதிய மாத்திரையை மருந்துக்கடையில் காட்டிச் சரிதானா என்று கேட்பார். கடைக்காரர் சொன்னது சரிதானா என்று எதிர்க்கடையில் கேட்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்வார். வாத்தியார் சொல்வது நிஜமா என்று பார்க்க அங்கே இன்னொரு வாத்தியார் இல்லையாம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ரிசீவரை ரிப்பேருக்குச் சும்மா கொடுத்துவிடுவாரா?

ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே உடம்பாக இருக்கிற கனத்த பெட்டி அது. லாரியை விட்டு இறங்கிய வருஷம் வாங்கியது. முன்னறையில் ஆளுக்கொரு மூலையாய் இரண்டு ஸ்பீக்கர், எதிரே இரண்டு நாற்காலி, ஒன்றில் அவர், ஒன்றில் மனைவி. சாயங்காலம் ஆறு மணிக்குப் பழைய பாட்டு. நாற்பது வருஷம் ரோட்டிலேயே கிடந்தவருக்குப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் பாட்டுப் போட்டார். அந்தம்மாவுக்கும் அது போதுமாக இருந்தது.

ஒருநாள் இடதுபக்க ஸ்பீக்கர் கரகரத்தது. மனைவியின் தம்பிக்கு இதுதான் தொழில். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலைகிறவன் என்பதால் தெருவே அவனைத் திருப்புளி என்று கூப்பிடும். அக்கா வீட்டு வேலைக்குக் காசு வாங்கமாட்டான். லாரிக்காரருக்கு முதல் சந்தேகமே அதுதான். சும்மா ஒருத்தன் எதற்காகச் செய்கிறான்? பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து, உள்ளே கண்ணில் பட்ட பாகத்துக்கெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அலங்கரித்து வைத்த மாதிரி இருந்தது பெட்டி.

ரிப்பேர் முடிந்து திருப்புளி பெட்டியைக் கொண்டுவந்ததும் திறந்து பார்த்தார். இரண்டு பாகத்தில் பொட்டு இல்லை. அக்காக்காரி எதிரிலேயே, எடுத்த சாமானை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

"கருகிப் போனதைத்தானே மாத்தினேன், மாமா. மாத்தாம எப்படி ரிப்பேர் பண்றது?"

சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கேள்வி. இவருக்குப் புரியவில்லை. திருப்புளி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். பெட்டியின் மேல்பக்க ஓட்டைகளை மட்டும் மூடிவிட வேண்டாம், அது மூச்சு விட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவன்தான். எட்டு மாசமாக இந்த வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மூச்சு விடுவதாவது! ஓட்டை வழியாகத் தூசி போகும், தூசி போனால் பெட்டி கெடும், கெட்டால் மறுபடி இவன் காலில் விழ வேண்டும். திட்டம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் லாரிக்காரர் அன்றைக்கே பழுப்பு நிற பேக்கிங் டேப்பை எடுத்து ஒரு ஓட்டை விடாமல் இரண்டு அடுக்கு ஒட்டினார்.

அதிலிருந்து நாலாவது பாட்டில் பெட்டி டிக்கென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் பாடும், மறுபடி நிற்கும். பாவிப்பயல் உள்ளே ஏதோ கோளாறு வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். அதைக் கேட்டதும் மனைவி எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் போட்டுக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவன் வந்து உக்காராத வீட்டுல எனக்கு எதுக்குப் பாட்டு?"

அதுதான் அவரைக் குத்தியது. காலி இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, ஊரார் வீட்டுப் பாட்டைக் கேட்பது போல எட்டு மாசம் கேட்டார்.

ஒரு சாயங்காலம் பெட்டி நின்றதும் எரிச்சலில் அதன் தலையில் ஒரு போடு போட்டார். உள்ளங்கை பொசுங்கிவிட்டது. கையை உதறியவர் அப்படியே நின்றார். அந்தச் சூடு அவருக்குத் தெரிந்த சூடு. மலை ஏறும்போது பானெட்டில் வரும் சூடு. ரேடியேட்டர் முன்னால் தார்ப்பாய் தொங்க விட்டதற்காக இன்னொரு டிரைவரை மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி முட்டாள் என்று திட்டியவர் அவர்.

டேப்பைப் பிய்த்தார். பெட்டி நிற்காமல் பாடியது. முட்டாள் யாரென்று பெட்டியே சொல்லிவிட்டது.

தப்பு என்னுடையது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. பெட்டி நின்று நின்று போகிறது, வந்து பார் என்று திருப்புளிக்குப் போன் போட்டார். மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். அக்காவுக்காகத்தான் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு பாட்டு, நாலு பாட்டு, பத்துப் பாட்டு. அடுப்படி வாசலில் மனைவி நின்றாள்.

"எங்க மாமா நிக்குது?"

"நிக்கும். கொஞ்சம் பொறு."

தன் சொந்தப் பொருள் கெட்டுப் போக வேண்டும் என்று லாரிக்காரர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அதுவும் பலிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திருப்புளி எழுந்து பையை எடுத்தான்.

"நல்லாத்தானே பாடுது. இன்னொரு தடவை திருடன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

அடுப்படி வாசலில் நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது இவன் படியிறங்கினால் அந்த நாற்காலி திரும்பி வராது. லாரிக்காரர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு டேப் உருண்டையை எடுத்து நீட்டினார். குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று குப்பைக்கூடையையும் நம்பாமல் வைத்திருந்தது.

"உக்காரு மாப்ள. ரேடியேட்டரை மூடி வச்சுட்டு மெக்கானிக்கைத் திருடன்னு சொன்னவன் நான். நாற்பது வருஷம் என்னை நம்பி லாரி குடுத்தானுங்க பாரு, அவனுங்களைச் சொல்லணும்."

திருப்புளி உருண்டையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினான்.

"அக்கா, அந்த நெயில் பாலிஷ் இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தாள். பொட்டில்லாத இரண்டுக்கும் அவனே பொட்டு வைத்தான்.

"இதுங்களையும் சொந்தத்துல சேத்துக்குங்க, மாமா."

மனைவி அடுப்படிக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டாள். லாரிக்காரர் கண்ணைத் துடைக்கிற சாக்கில் பெட்டிக்குள் குனிந்தார். மற்றப் பொட்டெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இருந்தது.