கருணைப் பயிற்சியில் ஒரு ராஜினாமா

ராஜினாமாக் கடிதத்தை வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, முதல் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவள்போல் நாலு மாடியும் துள்ளி ஏறினாள் ஷாஹினாஸ். எகிப்தின் தந்தா நகரத்து அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு, ஒன்பது வருஷம். இன்று பகல் இரண்டு மணிக்குள் பிரிவுத் தலைவர் பஷந்தி கையெழுத்துப் போட்டால் விடுதலை. இல்லையென்றால் அடுத்த மாத டியூட்டிப் பட்டியல் சுவரில் ஏறிவிடும், அவள் பெயரோடு.

பஷந்தி கூட்ட அறையில் மாட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரே ஒரு டாக்டரை விட்டுவிட்டு மொத்தப் பிரிவும் அங்கேதான். கருணைப் பயிற்சி. வராதவர்களுக்கு வருஷ விடுப்பு கிடையாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது; கருணை அங்கேயே தொடங்கிவிட்டது.

பயிற்சி தர கெய்ரோவிலிருந்து வந்திருந்த டாக்டர் ஹிஃப்னாவிக்குப் பெயருக்குப் பின்னால் ஐந்து பட்டம். நோயாளியைத் தொட்டுப் பதினோரு வருஷம். அவர் முன்னால் ஒரு பித்தளைக் கிண்ணம், தட்டுவதற்கு ஒரு கட்டை.

"சோர்வு வேலையால வர்றதில்ல. உள்ளுக்குள்ள கருணை வத்திப்போறதால வருது," என்றார்.

"முந்தாநாள்லேருந்து நிக்கிறேனே, அது கணக்குல வராதா?" என்று ஷாஹினாஸ் பக்கத்திலிருந்த சக டாக்டர் வஹீதிடம் முணுமுணுத்தாள்.

"சும்மா இரு தாயே. நாற்காலில மெத்தை இருக்கு, அத அனுபவி."

"எல்லாரும் கண்ண மூடுங்க," என்றார் ஹிஃப்னாவி. "உங்களுக்குப் புடிக்காத ஒருத்தர நினைச்சு, 'உனக்கு ஓய்வு கிடைக்கட்டும்'னு மனசுக்குள்ள சொல்லுங்க."

கிண்ணம் ஒலித்தது. பிடிக்காதவரை ஷாஹினாஸ் தேட வேண்டியிருக்கவில்லை; முன்வரிசையில் இருந்தார். குறி தப்பாமல் நினைக்க ஒரு கண்ணைத் திறந்தாள்.

பஷந்தி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பு கழன்று கிடந்தது. ஒரு காலில் கறுப்புக் காலுறை, மறு காலில் நீலம். இந்த மனிதரும் இருட்டில்தான் கிளம்பி வருகிறார் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. திரும்பிப் பார்த்தாள். வஹீத் குறட்டை. மொத்த அறையும் தூக்கம். டாக்டர்களைப் பார்த்துக் கண்ணை மூடச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

"எவ்வளவு ஆழமாப் போயிட்டாங்க, பாத்தீங்களா," என்று ஹிஃப்னாவி கிசுகிசுத்தபடி படம் எடுத்தார், அறிக்கைக்கு. "இனி எழுப்பி அனுபவத்தச் சொல்லச் சொல்லணும்."

கட்டை உயர்ந்தது. ஷாஹினாஸ் பாய்ந்து பிடுங்கினாள்.

"தட்டினீங்கன்னா, நடக்கிறதே வேற."

"டாக்டர், இது பயிற்சி..."

"பயிற்சிதான் நடக்குது. கெடுக்காதீங்க."

பைக்குள் போன் அதிர்ந்தது. கீழேயிருந்து நர்ஸ் இப்திஹால். "டாக்டரம்மா, கூட்டம் வாசல் தாண்டிருச்சு. அந்தக் கருணையில கொஞ்சம் இங்கயும் அனுப்பி வைங்க."

"ரெண்டு பேர் வர்றோம்," என்றாள் ஷாஹினாஸ். ஹிஃப்னாவி திரும்பிப் பார்த்தார். இரண்டாவது ஆள் யாருமில்லை.

"பீபி பாக்கத் தெரியும்ல? நடங்க."

யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாது. எழுதிவைக்கக் காகிதம் வேண்டும். பையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் 'கருணை நடக்கிறது, தட்டாதீர்கள்' என்று பெரிதாக எழுதி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் கதவில் ஒட்டினாள். படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள். ஹிஃப்னாவி பின்னாலேயே ஓடிவந்தார்.

"அந்தக் காகிதத்துல மறுபக்கம் என்னமோ கையெழுத்துக்குன்னு இருந்துச்சே?" என்றார் ஹிஃப்னாவி மூச்சிரைக்க.

சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது.

"இருந்துச்சு. இந்த மாசம் அதுவும் தூங்கட்டும். அந்த சூட் கோட்டக் கழட்டிட்டு வாங்க, கறை பட்டுரும்."