மாமா பெயரிலிருந்த இணைப்பு

1

உண்மையை முதலிலேயே கக்கிவிடுகிறேன். வீட்டு டிவி, போன், இன்டர்நெட் பில்லைக் குறைப்பதற்காக, உயிரோடிருக்கும் ஒரு மனிதரைச் செத்துப்போனவராக்கிய பொய்யிலிருந்து வந்த கதை இது. அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான். ஆனால் 'நான்' என்று எழுத வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆகவே பழியை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒருவர் தலையில் கட்டுகிறேன். (நான் லென்ஸ் தேய்ப்பவன் இல்லை என்று நீங்கள் நம்பவேண்டும்.)

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் கண்ணாடிக்காரர்...'

வேண்டாம். மழையே இல்லை. காலை பதினோரு மணி, சுள்ளென்று வெயில்.

இரண்டாம் தொடக்கம்: கடையில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கி மூன்று மாதமாகிவிட்டது. வீட்டில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தால், மூன்றும் சேர்ந்த அந்த பில்தான் கண்ணை உறுத்தியது. இன்டர்நெட் மகளின் படிப்புக்கு வேண்டும். டிவியும் வீட்டு போனும் போகட்டும். இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? டிவி முன்னால் மாமா உட்கார்ந்திருக்கிறார்.

மாமா என்றால் மனைவியின் அப்பா, ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் மகன் வீட்டிலிருந்து இங்கே வந்தபோது, தன் பெயரிலிருந்த இணைப்பையும் மாற்றிக்கொண்டு வந்தார். அன்றே கண்ணாடிக்காரர் அதில் இருநூறு சேனலைச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து மாமா பார்க்கிறார், பார்க்கிறார், ஆழ்கடலில் மீன் பிடிப்பது எப்படி என்பதுவரை பார்க்கிறார்.

(பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். நேராகப் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? சொன்னால், "நான் பாரமாயிட்டேனா மாப்பிள்ளை?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகன் வீட்டில் ஒரு வார்த்தை தடித்தபோது அப்படித்தான் கிளம்பினார். அந்தப் பயம்தான் எனக்கு... கண்ணாடிக்காரருக்கு.)

3

குளியலறைக்குள் நின்றுகொண்டு கைபேசியில் கம்பெனியைக் கூப்பிட்டார்.

"இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சார் பேசணும்," என்றாள் அங்கிருந்த பெண்.

"அவரு... பேச முடியாதும்மா."

"ஏன் சார்?"

(வெளியூர் போயிருக்கிறார் என்றிருக்கலாம். காது கேட்காது என்றிருக்கலாம். நான்கு வரைவில் சொல்லவைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நடந்தது அதுவல்லவே.)

"தவறிட்டாரும்மா."

"ஐயோ, சாரி சார். சரிபார்க்கணும், இப்பவே வீட்டு நம்பருக்குக் கூப்பிடுறேன்."

வீட்டு போன் இருப்பது மாமாவின் கைக்கெட்டும் தூரத்தில். கண்ணாடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓட, ஈரக்கால் வழுக்க, அதற்குள்

4

மணி அடித்து, மாமா எடுத்தும்விட்டார்.

"ஆமா, அவர் வீடுதான்... என்னது?... அப்படியா?" டிவி சத்தத்தைக் குறைத்தார். மருமகனை ஏறிட்டுப் பார்த்தார். நான் அப்படியே உறைந்துபோய்

கண்ணாடிக்காரர் உறைந்துபோய் நின்றார். போச்சு, எல்லாம் போச்சு.

"ஆமாம்மா, தவறிட்டாரு," என்றார் மாமா. "நானா? அவருக்கு ரொம்ப வேண்டியவன்... கஷ்டமெல்லாம் படல. டீ குடிச்சாரு, போயிட்டாரு. டிவியா? கட் பண்ணிடுங்க. அவருக்கு அந்தச் சனியனே பிடிக்காது. மாப்பிள்ளை ஆசையா போட்டுக் குடுத்தாரே, பாக்கலைன்னா மனசு கோணுமேன்னு ரெண்டு வருஷமா கண்ணு எரிய எரிய உக்காந்திருந்தாரு... இறப்புச் சான்றிதழா? அதுக்குக் கொஞ்ச நாளாகும்மா."

5

முடிவு அ: மாமா பையை எடுக்கிறார். (எழுதும்போதே கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (சீ.)

நடந்தது: மாமா போனை வைத்தார். டிவியை அணைத்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேணாம்னிருப்பேனே மாப்பிள்ளை. இதுக்குப் போயி ஆளையே தீர்த்துட்டீங்களே!" வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாமா, கடையில எனக்கு வேலை..." என்று இழுத்தவன் நான். ஆமாம், நானேதான். கண்ணாடிக்காரரை இனி அனுப்பிவிடலாம்.

"வாரத்துல நாலு நாள் வீட்டுலயே சுத்துறீங்க. எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போனது. அப்பாடா.

ஒரு சிக்கல் பாக்கி. சான்றிதழ் இல்லாமல் கம்பெனி எதையும் நிறுத்தாது. பெயருக்குரியவர் பேசினால் ஒரே நிமிடம். பெயருக்குரியவரோ சற்றுமுன்தான் போய்ச் சேர்ந்தார். இப்போது அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து போனருகே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணையே கூப்பிடப் போகிறாராம்.

"என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க மாப்பிள்ளை, நீங்கதான் ஏதேதோ எழுதுவீங்களே."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரிப்பு வேறு அடங்கமாட்டேன் என்கிறது. எண்ணை அழுத்திவிட்டார், மணி போகிறது. சீக்கிரம், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.