பிச்சமுத்துவின் பெயர் ஒட்டிய பாட்டில்

டாக்டரம்மா ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டபோது ஆனந்தவள்ளி கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமோ என்றுதான் முதலில் பயந்தாள். பிறகு அந்த வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம் விழுந்தது.

திருவெறும்பூரில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறான் பிச்சமுத்து. வருடம் ஒருமுறை கம்பெனி டாக்டரிடம் உடம்பு டெஸ்ட் உண்டு. போன வருடம் கூட பஸ் ஓட்டிய ஜேக்கப்புக்குக் கிட்னியில் கோளாறு என்று வந்ததும் பஸ்ஸிலிருந்து இறக்கி, கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். பிச்சமுத்துவுக்குச் சர்க்கரை வந்து பத்து வருடம். திங்கட்கிழமை காலையில் தன் பெயர் ஒட்டிய காலி யூரின் பாட்டிலை அவளிடம் நீட்டினான்.

"உனக்குத்தான் ஒரு நோயும் கெடையாதே. புடி."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பேச நேரமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

யூரினில் புரதம் போகிறதாம். கிட்னி பழுதாக ஆரம்பித்திருக்கலாம், கவனிக்காமல் விட்டால் இதயத்தையும் சேர்த்து இழுக்கும், இப்போதே பார்த்தால் பிடித்து நிறுத்தலாம் என்றார் டாக்டரம்மா. இன்னொரு முறை யூரினும் இரத்தமும் பார்க்க வேண்டும். உப்பு, ஊறுகாய், அப்பளம் குறைய வேண்டும். அதற்காகத்தான் சமைக்கிறவளையும் கூட்டிவரச் சொன்னாராம்.

"மூட்டு வலின்னு மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கிப் போடுறீங்களா? அதுவும் கிட்னியக் கெடுக்கும்."

"இல்லீங்க," என்றான் பிச்சமுத்து. உண்மைதான்.

போடுகிறவள் அவள். கே.கே. நகரில் மாடி வீடு ஒன்றில் சமையல் வேலை. நாலு வருடமாகக் காலையில் ஒரு மாத்திரை, முடியாத நாளில் மாலையிலும் ஒன்று. சாயங்காலமானால் கணுக்காலில் கொலுசு பதிந்த தடம் கிடக்கும்; நின்றே வேலை செய்வதால் என்று விட்டுவிட்டாள். அவனுடைய சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பதும் அவள்தான். அங்கே யாரும் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போது பயத்துக்கு முன்னால் சலிப்புதான் வந்தது. இனி இன்னோர் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தன்னுடையது.

"இவளையும் ஒரு தடவ பாத்துடுங்கம்மா," என்றான் பிச்சமுத்து.

"இது ஸ்டாஃபுக்கு மட்டும்தாங்க. ஏன், அவங்களுக்கு என்ன பண்ணுது?"

பிச்சமுத்து ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தான். வெளியே போய் வேறு எங்காவது காட்டிக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவான், தானும் தலையாட்டிக்கொண்டு பின்னால் போவோம் என்று அவள் நினைத்தாள். ஜேக்கப் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை வரும்போதுதான் இருவரும் பார்த்தார்கள்.

"அந்த பாட்டில் இவளோடதுங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "அப்ப உங்களோடது?"

"குடுக்கலைங்க. பயந்துட்டேன்."

பிச்சமுத்து எழுந்து சுவரோரமாக நகர்ந்தான்.

"உக்காரு வள்ளி."

அவள் உட்கார்ந்தாள். ஸ்டூலில் அவனுடைய சூடு இன்னும் இருந்தது. டாக்டரம்மா பட்டையைப் பிரிக்க, வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, கையை மேஜை மேல் நீட்டி வைத்தாள்.