ஆள் இல்லை

"வண்டிய நிறுத்துங்க."

சொல்லியேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இன்ஜினியர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார், என்ன வேண்டுமானாலும் கேள், வண்டியை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதே என்று. நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். குறுக்கே நிற்கிற கட்டடங்களை ஓடுகிற ஜீப்பிலிருந்தே பார்த்துப் பேரேட்டில் எழுத வேண்டும். ஆள் 'உண்டு' அல்லது 'இல்லை'. உண்டு என்றால் நோட்டீஸ், அவகாசம், மாற்று இடம். இல்லை என்றால் நேரே புல்டோசர்தான்.

முதல் நாள் அவளுக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. கூரை மட்டும் நின்ற பெட்ரோல் பங்க், படிக்கட்டு மட்டும் மிஞ்சிய ஓட்டல், ஜன்னல் வழியாக மரம் எட்டிப் பார்த்த கல்யாண மண்டபம். கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் போனது யாராக இருக்கும் என்று யோசித்தாள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் கண் பார்க்குமுன்னே கை 'இல்லை' என்று எழுதப் பழகிவிட்டது. இன்று மூன்றாம் நாள். தகரம் அடித்த ஜன்னலும் சங்கிலி போட்ட கதவுமாய் நின்ற பழைய லாட்ஜுக்கும் எழுதி முடித்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாச்சு பாப்பா, வாந்தி வருதா?" என்றபடி டிரைவர் ஓரங்கட்டினார்.

"மாடியில பள்ளிக்கூடச் சட்டை காயுது. தண்ணி சொட்டுது."

"பேய் துவைச்சுப் போட்டிருக்கும். எடுங்கண்ணே வண்டிய," என்றார் இன்ஜினியர்.

அதற்குள் இறங்கிவிட்டாள். கதவெல்லாம் புழுதி, பூட்டில் மட்டும் எண்ணெய் மினுங்கியது. பின்பக்கம் சுற்றிப் போனபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் திருடியைப் போல விருட்டென்று எழுந்தாள்.

"நாங்க இருக்கறத யார் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. முன்னாடி எதுக்குச் சங்கிலி?"

"தனியா ஒரு பொம்பள ரெண்டு புள்ளைங்களோட இருக்கான்னு தெரிஞ்சா ரோட்டுல போறவன்லாம் கதவத் தட்டுவான். தகரம் நான் அடிச்சதுதான். பாழடைஞ்ச மாதிரி இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன மாசம் கேமரா வச்ச வண்டி ஒண்ணு போச்சு. புள்ளைங்க வாயப் பொத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தோம். எதாச்சும் பிரச்சினையா?"

அவள் புருஷன், லாட்ஜ் முதலாளி காவலுக்கு வைத்த ஆள். முதலாளி ஊரை விட்டே போய்விட்டார், காவல்காரர் செத்துப்போனார், இவள் ஒன்பது வருஷமாகப் பூட்டுக்கு எண்ணெய் போட்டு வருகிறாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிந்திருக்கிறாள்! அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் தலையில் கூரையை இறக்கப் போகிறது.

"நோட்டீஸ் வரும்க்கா. வந்தா கதவத் திறந்து கையில வாங்குங்க. ஒளியாதீங்க."

ஜீப்புக்குத் திரும்பி 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினாள்.

"மனசு ஆறிடுச்சா? போலாமா?" என்றார் இன்ஜினியர்.

அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். எல்லாம் அவள் கையெழுத்து, எல்லாம் அழகான கையெழுத்து. "இன்னும் நாப்பத்தோரு 'இல்லை' இருக்கு சார். ஒண்ணுலகூட இறங்கிப் பாக்கல."

"மூணு நாள் ஓடுன ரோட்டுல திரும்பிப் போகச் சொல்றியா? சாயங்காலம் பட்டியல் போயாகணும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடு."

"மாட்டேன்."

"உங்க வீட்டுலயே மொத மொதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ நீதானாமே. உங்கம்மா என் கையப் புடிச்சுட்டு அழுதாங்க. வந்த வேலையக் காலால எட்டி ஒதைக்காத."

அம்மாவை இழுத்ததும் காது சூடேறியது. ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டிப் பெருக்கியவள் அம்மா. ஆள் இருந்தும் இல்லாத மாதிரி வேலை செய்யத் தெரிந்தவள்.

"ஆமா சார், படிச்சிருக்கேன். அதனாலதான் என்ன எழுதியிருக்கேன்னு எனக்கே படிக்கத் தெரியுது."

பேனாவை மூடினாள். பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், அது ஆபீஸ் சொத்து!"

டிரைவர் எதையும் பார்க்காதவர்போல் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். "வெயில் பாப்பா."

வாங்கிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். பின்னால் ஹாரன் இரண்டு முறை அலறி ஓய்ந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி, நாற்பத்தோராவது 'இல்லை': பழைய ஒர்க்‌ஷாப் ஒன்று. ஷட்டர் முழுக்கத் துரு. கிட்ட வர வர நடையை எட்டிப் போட்டாள். ஷட்டரின் அடியில், புழுதிக்கு நடுவே, பூட்டு மட்டும் எண்ணெய்ப் பளபளப்போடு வெயிலில் மின்னியது.