ரம்புத்தான் மரத்தடி அணை

கடல் கடந்து பிழைக்க வந்த கோவிந்தசாமிக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. ஃபேரர் பார்க்கில் ஊர்ச் சங்கச் செயலாளர் பதவி. முதலாவது சோறு போட்டது, இரண்டாவது தலைக்கனம் கொடுத்தது.

தாய்நாட்டில், சொந்த ஊர்ப் பக்கம் ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டி மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழப்பட்டியில் தம்பி வீட்டில் விளக்கெரியும், வயலில் மோட்டார் ஓடும். அணையை வரவேற்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கத் தீர்மானமும் எழுதிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அவர் மனைவி பூவம்மா மேலப்பட்டிக்காரி. மேலப்பட்டி முழுகப்போகிற ஊர். அவள் அண்ணன் குடும்பம் அங்கேதான் இருந்தது.

“எங்கண்ணன் எங்கங்க போவாரு? அதுக்கும் ஒரு வரி எழுதுங்களேன்.”

“மாற்று இடம் குடுப்பாங்க. எல்லாருக்கும் நல்லதுன்னா ஒருத்தர் ரெண்டு பேர் நகந்துதான் ஆகணும்லா. தீர்மானத்தோட கம்பீரத்தக் கெடுக்காத.”

பூவம்மா அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் போனால் உஷாராக வேண்டும் என்பது, பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

அது அறுபத்து மூன்றாம் வருஷம். மழை இல்லாமல் நகரம் முழுக்கக் குழாய்த் தண்ணீருக்கு ரேஷன். அவர்கள் முற்றத்தில் ஐந்து வீட்டுக்கும் ஒரே குழாய். அதை ஒட்டி ரம்புத்தான் மரம், மரத்தடியில் கோவிந்தசாமியின் சாய்வு நாற்காலி. வேலை விட்டு வந்தால் பேப்பர், தேநீர், குறட்டை எல்லாம் அதில்தான். அந்த நிழலில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் எட்டு டிரம்கள், விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

“என் எடம் எங்க?”

“எல்லாருக்கும் நல்லதுங்க,” என்றாள் பூவம்மா. “அஞ்சு வீடும் கை தூக்கிருச்சு. நம்ம வீட்டுக்கு நான் தூக்கினேன்.”

“என் நாற்காலி?”

“மாற்று இடம் குடுத்தாச்சு.”

நாற்காலி கக்கூஸுக்குப் பின்னால், சுள்ளென்ற வெயிலில் கிடந்தது.

“என்ன ஒரு வார்த்த கேக்கலியே!”

“எங்கண்ணனையும் யாரும் கேக்கல.”

பக்கத்து வீட்டு காதர் மைதீன் தலை துவட்டிக்கொண்டே வந்தார். “அண்ணே, பத்து நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் குளிச்சேன். உங்க வீட்டம்மா மகராசிலா!”

இரண்டு நாள் வெயிலும் நாற்றமும் கோவிந்தசாமியைப் புரட்டி எடுத்தன. ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்த தீர்மானத்தில் ஒரு வரி கூடியிருந்தது. அணை வேண்டும், ஆனால் தண்ணீர் ஏறுமுன்பே மேலப்பட்டியாரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் வீடும் நிலமும், நிழலோடு, கொடுக்க வேண்டும். ‘நிழலோடு’ எதற்கு என்று சபைக்கு விளங்கவில்லை. பூவம்மாவுக்கு விளங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, நாற்காலியை மறுபடி மரத்தடியில் போட டிரம்மை நகர்த்தப் போனாள். எதிர்வீட்டு மைமூன் குறுக்கே வந்து நின்றாள்.

“அக்கா, என்ன இது? எம்புள்ளைங்க இப்பத்தான் ஒழுங்கா குளிக்குதுங்க. எல்லாருக்கும் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பூவம்மா கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு குவளைத் தேநீரும் ஒரு முக்காலியுமாகக் கக்கூஸுக்குப் பின்னால் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்கண்ணனுக்கு இன்னைக்கே கடுதாசி போடு,” என்றார் கோவிந்தசாமி, மூக்கைப் பொத்திக்கொண்டு. “தண்ணி ஏறுறதுக்கு முந்தியே எடத்தக் கேட்டு வாங்கிக்கச் சொல்லு. ஏறினப்புறம் யாரும் எறக்க மாட்டாங்க.”