வால் விட்ட முடிச்சு

மரத்தடியில் அவள் துணிச் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தாள். மேலே கணவன் கையை நீட்டினால் முழம் முழமாக விட வேண்டும். போதும் என்றால் நிறுத்த வேண்டும். வெள்ளைத் துணி மண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு வாங்கியே வயிறு நிறைந்துவிடும். சாயங்காலம் அந்தத் தோட்டத்தில் கல்யாணம். நாற்காலிக்காரர்களும் பூக்காரர்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நாம கிழிசலைக் கட்டிக்கிட்டு மரத்துக்குப் பட்டு உடுத்துறோம் என்று அவன் அடிக்கடி சொல்லிச் சிரிப்பான்.

அவனை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணி எட்டாத கிளைக்கெல்லாம் அவன்தான் போவான். கொஞ்ச நாளாக அந்த அணிலுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். சூப்பர்வைசர் காதுக்கு எட்டினால் மறுநாளே வேறொருத்தன் மரத்தில் இருப்பான். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றால், கயிறு பட்டையைத் தேய்க்கும், படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று முன்னமே தடை. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே அவள் மன்றாடிவிட்டாள்.

"மிச்சத் துணி ஒண்ணை எடுத்து இடுப்பைச் சுத்திக் கிளையோட கட்டிக்கங்க. வெள்ளையோட வெள்ளையா இருக்கும், யாருக்கும் தெரியாது. இல்லேன்னா நான் கீழ நிக்க மாட்டேன்."

"சரி, தாயே. கட்டிக்கிறேன். அழுது தொலைக்காதே."

இப்போது மேலே பார்த்துக் கேட்டாள். "என்னங்க, கட்டிக்கிட்டீங்களா?"

"ஆச்சுடி. கல்யாணப் பொண்ணோட சேர்த்து என்னையும் அலங்காரம் பண்ணியாச்சு."

அவளுக்கு உயிர் வந்தது.

இந்தத் தொழிலில் ஒரு முடிச்சுதான். உருவு முடிச்சு. கட்டும்போதே ஒரு முனையைத் தரைக்கு எட்டுகிற மாதிரி நீளமாகத் தொங்கவிடுவார்கள். அதற்கு வால் என்று பேர். கல்யாணம் முடிந்தபின் திரும்ப மரம் ஏறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கீழே நின்று வாலைச் சுண்டினால் முடிச்சு தானாக நழுவித் துணி வந்து விழும். வருஷக்கணக்கில் கட்டிக் கட்டி அவன் விரலுக்கு வேறு முடிச்சே மறந்துபோயிருந்தது. கால்சட்டை நாடாவைக்கூட வால் விட்டுத்தான் கட்டுவான், அவளே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

உச்சிக்கிளை முடிகிற நேரம் சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தான். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"நிறுத்து, நிறுத்து! வெள்ளை வேண்டாமாம். பொண்ணு வெளிர் ரோஸ் கேக்குது. அந்தத் துணி வேன்ல வந்திருக்கு. இதெல்லாம் உடனே இறங்கணும்."

"இப்பவா சார்?"

"பின்ன, கல்யாணம் முடிஞ்சப்புறமா? வாலை இழும்மா, சீக்கிரம்."

அவள் மேலே பார்த்து, "என்னங்க, வெள்ளையெல்லாம் இறக்கச் சொல்றாங்க. இழுக்கட்டுமா?" என்று கத்தினாள். இலைக்குள்ளிருந்து "ம்" என்று வந்தது. அது முனகலா பதிலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு வாலாகச் சுண்டினாள். துணிகள் சரசரவென்று விழுந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. சுள்ளியில் மாட்டியிருக்கும் என்று நினைத்தாள். சூப்பர்வைசர் வேறு பக்கத்திலேயே நின்று "ஆகட்டும், ஆகட்டும்" என்று விரட்டினான். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைக் கொடுத்து இழுத்தாள்.

அவன் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் வால் விட்டிருப்பான் என்று எப்படித் தோன்றும்?

துணி அவள் கைக்கு லேசாக வந்துவிட்டது. பின்னாலேயே அவனும் வந்தான்.

வேர்மேட்டில் முதுகு மோதி விழுந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. பின்னந்தலையிலிருந்து ரத்தம் கசிந்தது. அவள் முகத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளை எதையோ தொலைத்துவிட்டுக் கேட்பதுபோல, "என் கால் எங்கடி போச்சு?" என்று கேட்டான்.

கால்கள் இரண்டும் அங்கேயேதான் இருந்தன. அவள் பாதத்தைப் பிடித்து அழுத்தினாள், கிள்ளினாள். அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு பேர் சேர்ந்து, அவிழ்த்துப்போட்ட வெள்ளைத் துணிகளையே மெத்தையாகப் போட்டு, அவனைத் தூக்கிச் சமையல் தடுப்புக்குப் பின்னால் கிடத்தினார்கள். வேன் டிரைவர் அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சார், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க சார்!"

"ஐயோ, சைரன் போட்டுக்கிட்டு முன் வாசல்ல வந்து நிக்கும்மா. விருந்தாளிங்க வர ஆரம்பிச்சாச்சு. கல்யாண வீட்டுல என்னைக் கொன்னுடுவாங்க."

"அப்ப வேனைக் குடுங்க. பின்வழியாவே கொண்டுபோயிடறோம்."

சூப்பர்வைசர் மரத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "மரம் மொட்டையா நிக்குது. ரோஸ் துணி ஒண்ணும் ஏறல. நான் என்ன பதில் சொல்றது? எனக்கும் மேல ஆள் இருக்கும்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "ஆமா, வாலை இழுத்தது யாரு?"



"நான்தான் சார்."

"அப்புறம் என்னைக் கேட்டா? மேடைக்கு மேல இருக்கிற அந்தப் பெரிய கிளை ஒண்ணையாவது கட்டிக் குடு. கட்டின மறுநிமிஷம் வேன் கிளம்பும். நானே ஏத்தி விடறேன்."

"எனக்கு மரம் ஏறத் தெரியாது சார்."

"தெரிஞ்சவன் படுத்திருக்கானே."

டிரைவர் தலை நிமிர்த்தி, "சார், சாவியைக் குடுங்க, இந்தா போய் இந்தா வந்துடறேன்" என்றான். சூப்பர்வைசர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நான்தான் இழுத்தேன் என்று ஒருமுறை சொன்னபின் அவளுக்கு எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. சூப்பர்வைசர்மேல் கோபம்கூட வரவில்லை. தன் இரண்டு கைகளையும் வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது. அந்தக் கைகளாலேயே ரோஸ் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

ஏணி முடிந்த இடத்தில் பட்டையைக் கட்டிப்பிடித்தாள். முழங்கால் உரிந்தது. கீழே பார்க்காதே, பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிளையில் குப்புறப் படுத்து, வயிற்றால் நகர்ந்துபோய் முதல் முடிச்சைப் போட்டாள். துணி அழகாகச் சரிந்து இறங்கியது. கீழே யாரோ, கல்யாணப் பெண்ணின் தோழிகளாக இருக்க வேண்டும், "ஐ, எவ்வளவு நல்லா இருக்கு!" என்றார்கள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"ஏம்மா, கொஞ்சம் உள்ள தள்ளிக்கோ, படத்துல விழற!"

உள்ளே தள்ளிக்கொண்டாள். இலைகள் விலகின. அங்கிருந்து பார்த்தால் சமையல் தடுப்புக்குப் பின்னால் இருப்பது எல்லாம் தெரிந்தது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. சூப்பர்வைசர் குனிந்து டிரைவரிடம் ஏதோ சொன்னான். டிரைவர் முடியாது என்று தலையாட்டினான். பிறகு, வேறு வழியில்லாமல், அவள் கணவனின் தோளை மெதுவாகத் தூக்கிப் பிடித்தான்.

சூப்பர்வைசர் அடியிலிருந்த வெள்ளைத் துணியைப் பதமாக உருவி எடுத்தான். அவனை வெறும் மண்ணில் இறக்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, எவ்வளவு தூரம் கறை பட்டிருக்கிறது என்று பார்த்தான்.